தங்கம் ஒளிராது

சனிக்கிழமை காலை பதினொன்று பத்து. முதலில் தெரிந்தவை அவருடைய பற்கள்.

கதவிடுக்கில் கறுப்புத் துணியை அடைத்து, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று பத்து நிமிடம் பேசாமல் நின்றிருந்தோம். அவரையும் சேர்த்து ஏழு பேர். பிறகு புற ஊதா விளக்கின் சுவிட்சை யாரோ போட்டார்கள். என் வெள்ளைக் கோட்டு நீலமாகப் பற்றிக்கொண்டது. மற்றவர்களின் கோட்டுகளும் அப்படியே. சலவைத்தூளில் சேர்க்கும் ரசாயனம் செய்கிற வேலை அது. அவர் நின்ற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. புடவைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் துவைப்பார், இந்த அறைக்காகவே அப்படி என்று பிறகு சொன்னார்கள். அந்த இருட்டுக்குள் இரண்டு வரிசைப் பற்கள் மங்கிய நீலத்தில் திறந்தன.

"புதுசா வந்திருக்கற பொண்ணு யாரு? வலது கையைத் தூக்கு."

தூக்கினேன். ஐந்து விரல் நுனிகளும் பச்சை கலந்த மஞ்சளாக மின்னின.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"இட்லி சாம்பார் மேடம்."

"சாம்பார்ல போட்ட மஞ்சள்பொடி உன் நகத்துல இருக்கு. இந்தக் கையால சாம்பிளைத் தொட்டா ரெண்டு மாச வேலை போயிடும். போய்க் கழுவிண்டு வா. காத்துண்டிருக்கோம்."

கதவைத் திறந்தால் எல்லோருடைய கண்ணும் மறுபடி பத்து நிமிடம் பழகவேண்டும். நான் கழுவிவிட்டு வந்தேன். விரல்கள் அப்படியே மின்னின. மறுபடி அனுப்பினார். மூன்றாவது முறை வந்தபோது கதவருகில் நின்றவர் என் காலை மிதித்தார். தெரிந்துதான் மிதித்தார்.

அன்று என்னிடம் பேசியவள் அமுதா ஒருத்திதான். லால்குடி பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆய்வகத்தில் ஒரு வருடம் மூத்தவள். "தேங்காயெண்ணெய் தொட்டுத் தேச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க அக்கா. வெறும் சோப்புக்கு மஞ்சள் போகாது. நாளைக்கும் எரியும்" என்றாள்.

திருச்சியில் அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவர்களான நாங்கள் செய்தது இதுதான். கால்சியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் நைட்ரைடு பொடிகளைக் கலந்து, யூரோப்பியம் என்ற அரிய உலோகத்தைத் துளி சேர்த்து, ஒரு குப்பிக்குள் அடைத்து, அழுத்த இயந்திரத்தில் வைத்துச் சூடேற்றுவோம். சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் சரக்கு ஏற்றிய இரண்டு லாரிகளை நிறுத்தினால் எவ்வளவு பாரமோ அவ்வளவு அழுத்தம். சரியாக வந்தால் வெளியே எடுக்கிற கட்டி, புற ஊதா வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிரும். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கூசுகிற வெளிச்சத்தைக் கண்ணுக்கு இதமாக்குவது இந்த மாதிரிப் பொருள்தான். பொடிகளில் ஈரக்காற்று பட்டுவிட்டால் அமோனியா வாடை அடிக்கும். அந்தத் தொகுதியே வீண்.

சனிக்கிழமைகளில் அவரவர் செய்ததைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எண் ஒட்டி, இருட்டறை மேசையில் விரித்திருக்கும் கறுப்புத் துணியில் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஒளிராததைப் பற்றி அவர் திட்டியதில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நாற்பத்தி மூணு யாரோடது? செத்துப்போச்சு. யார் கொன்னது?" என்று கேட்பார். கொன்றவர் இருட்டில் தன் பெயரைச் சொல்லவேண்டும். சொல்லும்வரை அடுத்த குப்பிக்குப் போகமாட்டார். ஒருமுறை இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம்.

தனக்கும் சலுகை கிடையாது. ஒருநாள் டெல்லியிலிருந்து வந்த மூன்று விருந்தினர்களை இருட்டறைக்கு அழைத்து வந்தார். வரிசையில் கடைசிக் குப்பி சாம்பல் கட்டியாகக் கிடந்தது. அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். "இது என்னோடது. நான் கொன்னது" என்று அவரே எடுத்துக் காட்டி, குப்பைக்கூடையில் போட்டார். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. விருந்தினர்களில் ஒருவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். "ஏன், அது ஒளிர்ந்ததா?" என்று மேடம் கேட்டார். வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஆய்வகத்தின் தலைவரான அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் வீடு. அதிகாலையில் சேவித்துவிட்டு, எட்டு நாற்பதுக்கு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். வெள்ளை நூல்புடவை, வலது மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். மேடம் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லி நாங்கள் அவரைக் கூப்பிட்டதில்லை. அவரைப் பற்றி முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லப்பட்ட கதை, அவர் அம்மாவின் கதை. சொன்னவர் வேறு யாரும் இல்லை, அவரேதான். காபி நேரத்தில், இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊட்டிக்கொண்டிருந்தார். "ஆத்துக்குத் திரும்பி வந்துடுவேனோடி?" என்று அம்மா கேட்டார். "இல்லைம்மா" என்றார் இவர். அதற்குமேல் அம்மா ரசம் குடிக்கவில்லை.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"அம்மா கேட்டா. சொன்னேன்."

காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அமுதாவின் அப்பா மாதத்தின் முதல் திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருவார். காந்தி மார்க்கெட்டில் இலைக்கட்டுகளை விற்பனைக்குப் போட்டுவிட்டு, மேடத்துக்கென்று ஒரு கட்டு வாழையிலையைத் தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். மேடம் எழுந்து நின்றுதான் அவரிடம் பேசுவார். நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்வார். "பாப்பா நல்லா படிக்குதுங்களா?" என்று அவர் கேட்பார். நன்றாகச் செய்த மாதம் மேடம் "நன்னா பண்றா" என்பார். செய்யாத மாதம், "இந்த மாசம் மூணு சாம்பிள் கொன்னிருக்கா" என்பார். அப்பா மகளைப் பார்த்துச் சிரிப்பார். "பாத்துச் செய்யி பாப்பா. மேடத்துக்குச் செலவு வைக்காத."

அந்த வருடம் ஆடிப்பெருக்கு சனிக்கிழமையில் வந்தது. மற்றவர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு இருட்டறை. அமுதா பத்தே முக்காலுக்கு ஓடிவந்தாள். கால் விரல்களில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. "அம்மா மண்டபத்துப் படித்துறையில கூட்டம் அக்கா. பஸ்ஸு பாலத்துலயே நிக்குது." கழுத்துவரை மூடிய சுடிதார் போட்டிருந்தாள். துப்பட்டாவை இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தாள். வெயில் நாளில் அப்படிச் சுற்றியிருந்ததைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

விளக்கு எரிந்தது. அவள் முறை வந்தபோது குப்பியை வைக்க மேசைமேல் குனிந்தாள். துப்பட்டா நழுவியது. கழுத்திலிருந்து ஒரு கோடு வெளியே விழுந்து தொங்கியது. அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும்விட அது பிரகாசமாக இருந்தது. பச்சை கலந்த மஞ்சள். அன்று காலை அரைத்த மஞ்சளில் தோய்த்த புதுக் கயிறு.

அவள் அதைப் பிடித்து உள்ளே தள்ளினாள். விரல்களும் மஞ்சளாகின.

"அது என்ன?" என்றார் மேடம்.

"ஆடிப்பெருக்குக் கயிறு மேடம். இன்னிக்கு எல்லாரும் கட்டுவாங்க. கன்னிப்பொண்ணுங்களும் கட்டுவாங்க."

"கட்டுவா. எங்காத்துப் பெண்களும் கட்டிண்டிருக்கா. வெளியில எடு."

அமுதா அசையவில்லை. யாருடைய முகமும் தெரியவில்லை, கோட்டுகள்தான் தெரிந்தன. பற்கள் மறுபடி திறந்தன.

"கயிறு முழுக்க ஒளிர்றது. அடியில ஒரு இடம் மட்டும் இருட்டா இருந்தது. நான் பாத்தேன். மஞ்சள் ஒளிரும். தங்கம் ஒளிராது." சற்று நிறுத்தினார். "தாலி கட்டிண்டவாதான் இன்னிக்குக் கயிறு மாத்துவா. எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம் மேடம்."

"சரி. ஐம்பத்தி ஏழு. ஒளிர்றது, ஆனா மங்கல். அடுத்தது."

பையன் அவள் ஊரிலேயே செல்போன் கடை வைத்திருந்தவன். வேறு சாதி. வைகாசி மாதம் பதிவுத் திருமணம் செய்து, திருவானைக்காவலில் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டியிருக்கிறான். தினமும் கழற்றி பென்சில் டப்பாவில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்திருக்கிறாள். அன்று மட்டும், காலையில் மாற்றிய கயிற்றை அன்றைக்கே கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மஞ்சள் எரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

இருட்டறை முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் போய்ச் சொல்லமாட்டேன். அது என் வேலை இல்ல. கேட்டா சொல்லுவேன்."

"கேப்பார் மேடம். வரன் பாத்துக்கிட்டிருக்காங்க. எப்ப படிப்பு முடியும்னு உங்களைத்தான் கேப்பார். மூணு மாசம் மேடம். தீசிஸ் குடுத்துட்டு, ஒரு வேலை கெடச்சு ஊரைவிட்டுப் போனதும் நானே சொல்லிடறேன். இப்பத் தெரிஞ்சா என்னைய வெளியில விடமாட்டாங்க. சித்தப்பா உசுரோடயே விடமாட்டார்."

"மூணு மாசம் என்னைப் பொய் சொல்லச் சொல்ற."

"பொய் வேணாம் மேடம். தெரியாதுன்னு சொன்னா போதும்."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். வியப்புதான் தெரிந்தது, கோபம் இல்லை.

"தெரியுமே" என்றார்.

பிறகு மேசையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். "திங்கக்கிழமை இயந்திரம் உனக்கு. அறுபத்தி ஒண்ணு. ஆறரைக்கு வந்துடு. ரீடிங் இவ எழுதட்டும்."

அது அந்த மாதத்தின் முதல் திங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அப்பா மூன்று மணிக்கு வருவார். அமுதா வாசலிலேயே அவரைப் பிடித்து, இலைக்கட்டை வாங்கிக்கொண்டு, மேடம் ஊரில் இல்லை என்று சொல்லி பஸ் ஏற்றிவிடவேண்டியது. அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தத்தை ஏற்ற ஒரு மணி நேரம் போதும். சூட்டில் வைக்க இரண்டு மணி நேரம், இறக்க நான்கரை மணி நேரம் ஆகும். தானாக இறக்குகிற மோட்டார் பழுதாகி எட்டு மாதமாகியிருந்தது. கையால்தான் வால்வைத் திறக்கவேண்டும், நிமிடத்துக்கு ஒரு மயிரிழை. வேகமாக இறக்கினால் உள்ளே இருக்கிற அச்சுகள் வெடிக்கும். வால்வை மூடிவிட்டு எழுந்து போகவும் முடியாது. பழைய சீல் கசிவதால் ஒரு பக்கம் மட்டும் இறங்கி, அப்போதும் வெடிக்கும். ஒருமுறை வெடித்த துண்டு சுவரில் போட்ட குழி அப்படியே இருந்தது. தொடங்கிய கைதான் முடிக்கவேண்டும் என்பது மேடத்தின் விதி. ஒருவர் திருப்புகிற மாதிரி இன்னொருவர் திருப்புவதில்லை.

பதினொன்று இருபதுக்கு அமுதாவின் அப்பா வந்தார்.

இயந்திர அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நடைபாதை. முதலில் இலைக்கட்டு தெரிந்தது, பிறகு அவர். சலவைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் விபூதி. முகம் மலர்ந்திருந்தது. மேடம் தன் அறையிலிருந்து வெளியே வந்து கைகூப்பினார்.

"அக்கா" என்றாள் அமுதா. வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. "போங்க. அப்பாவைக் கேன்டீன் பக்கம் கூட்டிட்டுப் போங்க. ஏதாவது சொல்லுங்க."

"ரீடிங்?"

"நான் மனசுல வச்சுக்கறேன். போங்க அக்கா. சீக்கிரம்."

நான் பாதி எழுந்தேன். மேடம் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்த மாதம் என் ஆண்டறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். நிமிடம் முடிந்திருந்தது. முள் காட்டிய எண்ணை எழுதினேன்.

கண்ணாடி தடிமனானது, குரல் கேட்கவில்லை. அப்பா பேசினார், சிரித்தார், கையை விரித்துக் காட்டினார். மேடம் இரண்டு வாக்கியம் பேசினார். அப்பா ஏதோ கேட்டார். மேடம் ஒரு வாக்கியம் சொன்னார். அப்பா இலைக்கட்டைத் தோளிலிருந்து இறக்கி, பெஞ்சில் மெதுவாக வைத்தார். உடைந்துவிடுகிற பொருளை வைப்பதுபோல் வைத்தார். சன்னல் பக்கம் திரும்பினார். மகள் குனிந்து வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார்.

அந்தத் தாள் என்னிடம் நகலாக இருக்கிறது. பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று முப்பதுவரை எண்கள் ஒரே சீராக இறங்குகின்றன. 

இரண்டு பத்துக்கு முடிந்தது. அமுதா கட்டியை எடுத்து, ஈரம் படாத பெட்டிக்குள் வைத்து, எண் ஒட்டி, இயந்திரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே போனாள். அப்பாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை அவள் சித்தப்பாவும் வேறு இரண்டு பேரும் ஒரு வேனில் விடுதிக்கு வந்தார்கள். "அம்மாவுக்கு உடம்பு முடியல, கெளம்பு" என்றார்கள். அது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு பையோடு ஏறினாள். நான் மாடியில் நின்று பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை இருட்டறையில் ஒரு கோட்டு குறைந்திருந்தது. அறுபத்தி ஒன்றை மேடமே கொண்டுவந்து வைத்தார். விளக்கைப் போட்டதும் யாரோ "ஐயோ" என்றார்கள். முற்றிய மிளகாய்ப்பழத்தின் சிவப்பு. அந்தக் கட்டியின் வெளிச்சத்தில் மேடத்தின் கை தெரிந்தது. நரம்புகள், மோதிரம், உள்பக்கம் திரும்பிய கடிகாரம். அந்த அறையில் பற்களைத் தவிர அவரில் வேறு எதையும் நான் பார்த்தது அன்றுதான்.

"நன்னாயிருக்கு" என்றார். அந்த வார்த்தையை அங்கே அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்கவில்லை.

மற்றவர்கள் போனபிறகு நான் நின்றேன். "அவ அப்பாகிட்ட என்ன மேடம் சொன்னீங்க?"

கேட்டேன், சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"லால்குடியிலயே ஒரு வரன், கவர்மென்ட் உத்தியோகம், ஐப்பசியில வச்சுக்கலாமா, அதுக்குள்ள பாப்பா படிப்பு முடிஞ்சுருமான்னு கேட்டார். படிப்பு முடிஞ்சுடும், கல்யாணம் பண்ணமுடியாது, அது ஆயிடுத்துன்னு சொன்னேன். யாருங்கன்னு கேட்டார். அது எனக்குத் தெரியாதுன்னேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"ஏன் மேடம்?"

"கேட்டார். சொன்னேன்."

அமுதா வராததால் ஆறு மாதத்தில் அவள் ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. அதற்கான கடிதத்தில் மேடம், 'காரணம் எனக்குத் தெரியும், கேட்டால் தெரிவிக்கிறேன்' என்று எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை. நானும் என் ஆராய்ச்சியை முடிக்கவில்லை. ஒரு நாளிதழில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு வருடத்துக்குமேல் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அமுதா பேசினாள். வீட்டிலிருந்து தப்பி, கணவனோடு வேறு ஊரில் இருந்தாள். அந்த ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். டீ கொடுத்தபோது பார்த்தேன், வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, அறுபத்தி ஒண்ணு ஒளிர்ந்துச்சா?"

"ஒளிர்ந்துச்சு."

"எவ்வளவு?"

"மேடத்தோட கை தெரிஞ்சுது."

"சும்மா சொல்லாதீங்க."

"மோதிரம்கூடத் தெரிஞ்சுது. நன்னாயிருக்குன்னாங்க."

"மேடமா?" அவள் சிரித்தாள்.  நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியவேணாம் அக்கா. அப்பா தேடிக்கிட்டுதான் இருக்கார். அவர் கண்டுபிடிச்சா சித்தப்பா வந்துருவார்."

அந்த மாதமே மேடம் போன் செய்தார்.

"அறுபத்தி ஒண்ணு பத்தின கட்டுரை வரப்போறது. வேலை அமுதாவோடது, அதனால பேரு முதல்ல அவளோடது. முகவரி கேக்கறா. எங்க இருக்கா?"

"தெரியாது மேடம்."

"பத்திரிகையில இருக்கியே. விசாரிக்கலாமே."

"விசாரிச்சேன் மேடம். தெரியல."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அவ அப்பா இன்னும் மாசாமாசம் வரார். இலைக்கட்டு கிடையாது இப்ப. சும்மா வந்து நிக்கறார். அமுதா எங்க இருக்கான்னு தெரியுமான்னு கேக்கறார்." நிறுத்தினார். "தெரிஞ்சா நான் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவீங்க மேடம்."

"இருட்டறையில எல்லாம் தெரியறது. போன்ல ஒண்ணும் தெரியமாட்டேங்கறது" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதில்லை. இது வேடிக்கையா என்றும் எனக்குத் தெரியாது.  ஒருமுறை கேட்டதை அவர் இரண்டாம் முறை கேட்காமல் விட்டதில்லை. அன்று கேட்கவில்லை.

"சரி. தெரியாதுன்னு போட்டுடறேன்."

வைத்துவிட்டார்.

கட்டுரை அந்த ஆண்டே வெளிவந்தது. முதல் பெயர் அமுதாவுடையது, கடைசிப் பெயர் மேடத்துடையது. அமுதாவின் பெயருக்கு மேல் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் அதற்கான குறிப்பு: இப்போதைய முகவரி தெரியவில்லை.